எதிர்வீட்டுப் பரஸ்தானம்

அருமை மகளே,

முக்கூடல் முதல் திருச்செந்தூர் வரை காலத்தைக் கட்டி மேய்த்தவனும், சூரியன் பிந்தி உதித்தால் அதனிடமும் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பக்கூடிய அதிகாரம் படைத்திருந்தவனும், இந்தத் தெரு முழுவதற்கும் மாமாவும், உனக்கு மட்டும் அப்பாவுமான நான் எழுதுகிறேன். நேற்றுக் காலை உன் டாக்சி தெருமுனையில் திரும்பி மறைந்தது. மறைந்த பிறகும் நான் வாசலிலேயே நின்றேன் என்றும், என் கண்ணிலிருந்து புறப்பட்ட நீரால் தாமிரபரணிக் கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை கொடுக்க வேண்டியதாயிற்று என்றும் உன் அத்தை போனில் சொல்லியிருப்பாள். அதில் பாதி பொய். நின்றது மட்டும் நிஜம். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. உன் விடுமுறை அத்தனையும் எனக்காகச் செலவழித்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் ஒரு தடவைகூட உன்னிடம் நன்றி என்று சொல்லவில்லை. நம் வீட்டில் அந்தச் சொல்லுக்குப் புழக்கம் கிடையாது. நேரில் சொன்னால் நீ "போங்கப்பா" என்று எழுந்து போய்விடுவாய். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். நாலு பேர் படித்துவிட்டால் உன்னால் எழுந்து போக முடியாது பார்.

அந்த நாலு பேருக்கு என்னைத் தெரியாது. அவர்களுக்காக என் மகாத்மியத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நான் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். புறாக்கூண்டு போல ஓர் அறை, ஒரு மேசை, ஒரு விசில். நான் ஊதினால் வண்டி புறப்படும். ஊதாவிட்டால் ஓட்டுநர் இன்னொரு டீ சொல்லுவார். இந்த ஒரு விசிலை வைத்துக்கொண்டு நான் முறுக்கிய மீசையை மூன்று உலகம் ஆண்ட இந்திரன்கூட முறுக்கியிருக்க மாட்டான். அறைச் சுவரில் அரசாங்கக் கடிகாரம் இருந்தது. மேசை இழுப்பறையிலோ என் சொந்தப் பஞ்சாங்கம் இருந்தது. பிந்தி வருகிற வண்டியை மறித்து, "ஏலே, ஒண்ணேகால் நாழிகை கழிச்சு வாரியே, வழியில இறங்கித் தவம் பண்ணிட்டு வாரியா?" என்று கேட்பேன். ஒன்றேகால் நாழிகை என்பது வெறும் அரைமணி நேரம் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஏதோ சிறைக்குப் போகிற குற்றம் செய்துவிட்டதாக நினைத்து, அடுத்த நடையில் வண்டியை விரட்டிக்கொண்டு வந்து சேர்வார்கள்.

உனக்கு நான் தாலாட்டுப் பாடியதில்லை. என் குரலுக்குத் தொட்டிலே எழுந்து ஓடியிருக்கும். அதற்குப் பதிலாகக் காலக்கணக்குச் சொல்லித் தூங்கவைத்தேன். கண்ணிமைப்பில் ஆரம்பிப்பேன். நம் பழைய விநாடி ஆற அமர வரும், இருபத்துநாலு செகண்டு பிடிக்கும். அப்படி அறுபது விநாடி சேர்ந்தால் ஒரு நாழிகை. இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம். ஏழரை நாழிகை ஒரு யாமம். அறுபது நாழிகை ஒரு நாள். அங்கிருந்து மாதம், அயனம், வருஷம் என்று ஏறி, யுகங்களைத் தாண்டி, பிரம்மாவின் ஒரு பகலுக்கு வந்து சேர்வேன். நம் கணக்கில் அது நானூற்று முப்பத்திரண்டு கோடி வருஷம். அங்கே போய்ச் சேர்வதற்குள் நீ தூங்கியிருப்பாய். பல நாள் நானும் தூங்கியிருப்பேன். இதன் பலன் பள்ளிக்கூடத்தில் தெரிந்தது. ஒரு மணிக்கு எத்தனை நிமிடம் என்று கேட்ட தாளில் நீ 'இரண்டரை நாழிகை' என்று எழுதிவைத்தாய். அந்தத் தாளைத் திருத்தியவர் நம் எதிர்வீட்டு ஞானராஜ் சார். அன்று சாயங்காலமே தாளைக் கையில் பிடித்தபடி தெருவைக் கடந்து வந்தார்.

"என்னவே இது? பிள்ளைய இந்தப் பாடு படுத்தி வச்சிருக்கீரு?"

"விடை சரிதானே, சார்வாள்? கூட்டிப் பாரும்."

வாசலிலேயே நின்று விரல் மடக்கிக் கூட்டிப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது. "கேள்வி வேறல்லா!" என்று கத்தினார். பிறகு அரை மதிப்பெண் போட்டார். அந்த அரை மதிப்பெண்ணை நான் இமயமலை உச்சியில் நட்ட கொடிபோல இன்றுவரை ஊருக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவரோடு எனக்குச் சிநேகிதம் பற்றிக்கொண்டதும் அன்றைக்குத்தான். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம் அவர்களுடையது. அவருக்கு ராகுகாலமும் கிடையாது, குளிகனும் கிடையாது. அந்தப் புண்ணியவானையும் அவர் மனைவி கிரேஸ் டீச்சரையும் எதிர்வீட்டில் குடிவைத்த தெய்வம் எதுவோ, அது அவர்களுடையதா நம்முடையதா என்று இன்றுவரை எங்களுக்குள் வழக்குத் தீரவில்லை.

இந்தப் பெரிய பெரிய அளவுகளை நான் எதற்கு வைத்திருந்தேன் என்று உனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். உன் அம்மா இறந்துபோன வருஷம். நீ பத்தாம் வகுப்பு. அடுக்களையில் அவள் இடம் காலியாகக் கிடந்தது. நான் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பிரம்மாவோட ஒரு பகல்ல மனுஷ ஆயுசு ஒரு தும்மலுக்குக்கூடக் காணாதுட்டி" என்று ஆரம்பித்தேன். நீ என் முகத்தைப் பார்க்காமலே, "எப்பா, எனக்கு இந்த ஒரு நாழிகையே போகமாட்டேங்குது" என்றாய். வாயை மூடிக்கொண்டு உனக்குத் தோசை சுட்டுப் போட்டேன். அது எந்தக் கண்டத்தின் வரைபடத்திலும் இல்லாத வடிவத்தில் வந்தது. நீ சாப்பிட்டாய். துக்கத்தில் இருப்பவர்களுக்குக் கோடி வருஷக் கணக்கு சொல்லாதே, மகளே. பக்கத்தில் உட்கார். முடிந்தால் எதையாவது சுட்டுப் போடு. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகிற புத்திமதிகளில் இதுதான் ஓரளவு தேறும்.

நீ முதல்முறை சிங்கப்பூர் போனது நினைவிருக்கிறதா? திருவனந்தபுரத்துக்குக் கார் புறப்பட வேண்டிய நேரம் திங்கட்கிழமைக் காலை ராகுகாலம். விமானக் கம்பெனிக்காரனுக்குப் பஞ்சாங்கம் படிக்க நேரமில்லை. நான் மலைப்பேனா? நம் முன்னோர்கள் இதற்கென்றே பரஸ்தானம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். போகிற நேரம் சரியில்லையென்றால், முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில் பயணப் பெட்டியையோ, பயணம் போகிற ஆளையோ பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அத்தோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அங்கிருந்து எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. ஒரே ஒரு நிபந்தனை, போன காரியம் முடியாமல் திரும்ப நம் வாசலை மிதிக்கக் கூடாது. அதன்படி ஞாயிற்றுக்கிழமை சுபமுகூர்த்தத்தில் உன் பெட்டியை எதிர்வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் விடிந்து கார் வந்து நிற்கிறது. எதிர்வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. சாரும் டீச்சரும் மைதானத்துக்கு நடக்கப் போயிருந்தார்கள். உன் பாஸ்போர்ட் பெட்டிக்குள்! அன்று நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து வாயு பகவான் தன் வேலையை ராஜினாமா செய்தான். மைதானத்தின் மூன்றாவது சுற்றில் சாரைப் பிடித்தேன். சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக்கொடுத்துவிட்டு அவர் மூச்சு வாங்கியபடி சொன்னார்: "வே, பெட்டிக்கு நல்ல நேரம் பாத்தீரு. பூட்டுக்குப் பாக்கலியே." நீ காரில் ஏறியும் சிரித்துக்கொண்டே போனாய்.

அப்படிச் சிரித்த பிள்ளை, போன ஐப்பசியில் சிரிக்காத முகத்தோடு வந்து இறங்கினாய். அதற்குச் சில நாள் முன்னால் கொக்கிரகுளம் ஆற்றில் குளித்துவிட்டுப் படியேறும்போது என் நெஞ்சுக்குள் ஒரு பேருந்து பின்வாங்கிய மாதிரி இருந்தது. வாய்வு என்று சுக்குக் கஷாயம் குடித்தேன். மறுநாளும் அதே பேருந்து வந்தது. நம் வீட்டோடு இருக்கும் என் அக்கா, உன் அத்தைதான், "லே, உன் மூஞ்சி சாம்பலாக் கெடக்கு" என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். படம் பிடித்தார்கள், ஊசி போட்டார்கள். மதுரையிலிருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் வந்துபோகிற பெரிய டாக்டர், படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூணு இடத்துல அடைப்பு இருக்கு, ஐயா. நெஞ்சைத் திறந்துதான் சரிபண்ணணும். வர்ற செவ்வாய் காலையில ஒன்பது மணிக்கு முதல் ஆளா எடுத்துக்கிறேன். தள்ளிப் போடாதீங்க. தள்ளிப் போட்டா, அதுக்கு அடுத்த செவ்வாய்க்கு நீங்க நடந்து வருவீங்களான்னு நான் சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்தேன். முகம்கூடக் கழுவாமல் பஞ்சாங்கத்தை விரித்தேன். டாக்டர் குறித்த அந்தச் செவ்வாய் அஷ்டமி, அதுவும் தேய்பிறை. காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை எமகண்டம். செவ்வாய்க்கு வடக்கே சூலம், ஆஸ்பத்திரி இருப்பதோ நம் வீட்டுக்கு நேர் வடக்கே. உன் அத்தை தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். "எமகண்டத்துல போயா லே நெஞ்சைப் பொளக்கணும்ங்கான்? அவனுக்கு வேற நேரமே கெடைக்கலியா?" நான் வெளியே கவலைப்படுவது போல் முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே ஒரு குளுமை பரவியது, மகளே. மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை என்று கேட்ட பையனின் குளுமை. அடுத்த செவ்வாயைப் பார்த்தேன். சந்திராஷ்டமம். அதற்கடுத்தது, வேறொன்று. பிறகுதான் எனக்கே ஓர் அற்புதம் விளங்கியது. எமகண்டமும் சூலமும் கிழமையைப் பொறுத்தவை. செவ்வாய் என்றாலே ஒன்பது மணிக்கு எமகண்டம்தான், வடக்கே சூலம்தான், உலகம் இருக்கும் வரை. ஆகவே அந்த டாக்டர் செவ்வாய்க்கிழமை வருவதை விடும் வரைக்கும் என்னை யாரும் தொட முடியாது! அர்ச்சுனன் தவம் இருந்து வாங்கிய அஸ்திரம் எனக்குக் காலண்டர் கடையில் கிடைத்துவிட்டது.

நீ சனிக்கிழமை வந்தாய். பையை வைத்ததும் வைக்காததுமாக நான் பிரசங்கத்தைத் தொடங்கினேன். நாள், கிழமை, திதி, சூலம், எல்லாம் சொல்லி, ஆதாரம் காட்டி, கடைசியில் பிரம்மாவின் பகலைக் கொண்டுவந்து நிறுத்தி, "அதுல ரெண்டு மாசம் என்ன பெரிய மாசம்? தை பொறக்கட்டும், பாத்துக்கிடலாம்" என்று முடித்தேன். நீ கோபப்படுவாய், கூகிளில் இருந்து ஏதாவது எடுத்துக் காட்டுவாய், நான் அதை வைத்து ஒரு சண்டை போட்டு இன்னும் ஒரு வாரத்தை ஓட்டலாம் என்று எதிர்பார்த்தேன். நீயோ உட்கார்ந்து சாப்பிட்டாய். பிறகு என் மூக்குக்கண்ணாடியை வாங்கித் துடைத்து என்னிடமே கொடுத்துவிட்டு, பஞ்சாங்கத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய்.

"எப்பா, பரஸ்தானம் போயிட்டா சூலமும் எமகண்டமும் பாக்க வேண்டாம்லா?"

"அது... பயணத்துக்குத்தாம்மா."

"ஆஸ்பத்திரிக்குப் போறதும் பயணம்தானே? புறப்பட்ட நேரம்தான் நேரம்னு நீங்கதானே சொன்னிய? நாளைக்குச் சஷ்டி. காலையில நல்ல நேரம் இருக்கு. ஞாயித்துக்கெழமை சூலம் மேக்க. எதிர்வீடு நமக்குக் கெழக்க இருக்கு."

உன் அத்தை முகத்தைப் பார்க்க வேண்டுமே. மூன்று நாளாக அழுதவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆமால்லா! இது எனக்குத் தோணாமப் போச்சே! தீந்தது தோஷம்! ஏட்டி, நீ நல்லா இருப்ப!" என்று உன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நான் வாழ்நாளெல்லாம் ஊட்டி வளர்த்த பஞ்சாங்கம் என் கண்முன்னாலேயே கட்சி மாறியது.

ஞாயிறு காலை ஊரே பார்க்க என் மகாபிரஸ்தானம் நடந்தது. சரித்திரத்திலேயே குட்டையான யாத்திரை. தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம். நீ முன்னால் தலையணையோடு, நான் நடுவில், உன் அத்தை பின்னால் சொம்பும் திருநீற்றுப் பையுமாக. சாரும் டீச்சரும் கோவிலுக்குப் போகிற வெள்ளை உடுப்பில் வாசலில் காத்து நின்றார்கள், எனக்காக ஆராதனைக்குப் பிந்தி. "வாரும்வே," என்று சார் என் கையைப் பிடித்தார். "எங்க வீட்டுக் கடிகாரத்துல பன்னெண்டு நம்பர்தான் உண்டு. எமனுக்கு அங்கன இடமில்ல. பைய ஏறும்."

அந்த இரண்டு நாளும் நான் எதிர்வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து என் சொந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீடு அவ்வளவு அழகு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பால்காரன் வருகிறான், உன் அத்தை கோலம் போடுகிறாள், என் நாற்காலியில் பூனை ஏறிப் படுத்துக்கொள்கிறது. ஜன்னலில் இருந்து அதை விரட்டினேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிரேஸ் டீச்சர் உப்பில்லாத கஞ்சி கொடுத்தார்கள். சார் கேரம்போர்டு விரித்து என்னை வேண்டுமென்றே ஜெயிக்கவிட்டார். நாற்பது வருஷத்தில் ஒரு காயைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர். ஆள் பிழைக்கமாட்டான் என்று நினைத்துத்தான் விட்டுக்கொடுக்கிறார் என்று பட்டுவிட்டது.

திங்கள் சாயங்காலம் என்னால் முடியவில்லை. நீ ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டப் போயிருந்தாய். சார் உள்ளே இருந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். எதிரே போய், உள்ளே நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டால் எந்த டாக்டரால் என்ன செய்ய முடியும்? கேட் வரை போய்விட்டேன். உன் அத்தை வாசலில் நின்றிருந்தாள்.

"நில்லுலே அங்கன."

"யக்கா, ஒரு நிமிசம். பின்வாசல் பூட்டியிருக்கான்னு பாத்துட்டு வந்திருதேன்."

"நான் வீட்டுக்குள்ள இருக்கேன். எந்தக் கள்ளன் வந்து எதை எடுத்துட்டுப் போகப் போறான்?"

"என் கண்ணாடிக்கா..."

"மூக்கு மேல இருக்கு."

நான் கேட்டின் கொண்டியில் கை வைத்தேன். அவள் உட்பக்கமிருந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். போன வாரம் 'எமகண்டத்துல போகாதேலே' என்று என் காலைக் கட்டிக்கொண்டு அழுதவள்தான். கண் நிறையத் தண்ணீர், கை மட்டும் இரும்பு. "பரஸ்தானம் போனவன் பாதியில வாசல் மிதிச்சா எல்லாம் போச்சுலே. உன்னை நான் உள்ள விடமாட்டேன். போ. முடிச்சிட்டு வா. வந்து காலம் பூரா இங்கனயே கெட."

எழுபது வருஷத்தில் அவள் என்னை உள்ளே விடாதது அதுதான் முதல் தடவை. அவளிடம் உன் கைப்பேசியில் ஆயிரம் படம் காட்டி இருதயம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கியிருந்தால் அவள் தலையாட்டியிருப்பாள், பிறகு கதவையும் திறந்திருப்பாள். அவள் நம்பிய ஒன்றையே நீ அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். அதனால்தான் அந்தக் கேட் திறக்கவில்லை. இதை நீ தெரிந்து செய்தாயா என்று கேட்க நினைத்து, கேட்காமலே உன்னை அனுப்பிவிட்டேன்.

அவள் உள்ளே விடாததால், எதிர்வீட்டுக்குத் திரும்பவும் மனமில்லாமல், நடுத்தெருவில் நின்றேன். ஆட்டோவில் இருந்து நீ இறங்கினாய். என்ன நடக்கிறது என்று ஒரே பார்வையில் உனக்குப் புரிந்துவிட்டது. என் பக்கத்தில் வந்து நின்றாய்.

"எப்பா. பயமா இருக்கா?"

நான் ஒரு பதில் தயாரித்தேன். அதில் யமனும் நசிகேதனும் பதினெட்டு நாள் யுத்தமும் இருந்தன. வாயைத் திறந்தால் "ஆமாட்டி" என்றுதான் வந்தது.

"எனக்கும்தாம்பா" என்றாய்.

அவ்வளவுதான் பேசினோம். நீ சமாதானம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பின்னால் ஒரு பைக் வந்து நின்று, "மாமா, ஓரமா நின்னு பேசுங்க" என்றது. ஓரம் என்றால் எதிர்வீட்டுப் பக்கம்தான் ஓரம் இருந்தது. போனோம். யாராவது உன்னிடம் 'நாள் சரியில்லை' என்று சொன்னால், அவர்களோடு நாளைப் பற்றி வாதாடாதே, மகளே. பக்கத்தில் நின்று நீ கேட்ட அந்தக் கேள்வியைக் கேள். ஆள் பெரிய வாயாடியாக இருந்தால் இன்னும் சீக்கிரமாகக் கேள்.

செவ்வாய்க்கிழமை. அஷ்டமி. சரியாக எமகண்டத்தில் என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், சின்னப் பெண், "பத்துல இருந்து தலைகீழா எண்ணுங்க ஐயா" என்றாள். "பத்து நாழிகை, ஒன்பது நாழிகை..." என்று ஆரம்பித்தேன். அவள் சிரித்தது வரை ஞாபகம் இருக்கிறது. அடுத்த கணம் யாரோ என் கால் கட்டைவிரலை அழுத்தி, "கண்ணைத் திறங்க" என்றார்கள். நடுவில் அரைநாள் போய்விட்டதாம். கண்ணிமைப்பிலிருந்து கல்பம் வரை அளவு வைத்திருக்கும் எனக்கு, அந்த அரைநாளை அளக்க ஒன்றும் இல்லை. அந்த நேரம் முழுவதையும் வராந்தாவில் நின்று நீதான் கழித்திருக்கிறாய். அது உனக்கு எப்படிப் போயிற்று என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. அதற்குப் பின் வந்த வாரங்களில் என்னை நடக்கவைத்தாய், இருமவைத்தாய், தலையணையைக் கட்டிக்கொண்டு மூச்சு இழுக்கவைத்தாய். நான் போட்ட கூச்சலில் பொதிகை மலை இரண்டடி தள்ளி உட்கார்ந்தது. நீ எதற்கும் முகம் சுளிக்கவில்லை.

நேற்று நீ போன பிறகு கிரேஸ் டீச்சர் வந்தார்கள். உன்னைப் பற்றித்தான் பேச்சு. திடீரென்று, "அண்ணாச்சி, அன்னைக்கு உங்க மக என்ன செஞ்சான்னு உங்களுக்குத் தெரியாதுல்லா?" என்றார்கள்.

"என்ன செஞ்சா?"

"உங்களை உள்ள கொண்டுபோய்க் கதவைச் சாத்திட்டாங்க. நானும் சாரும் உக்காந்து ஜெபம் பண்ணுதோம். பாத்தா இவ சுவரைப் பாத்து நின்னுக்கிட்டு வாய்க்குள்ள என்னமோ சொல்லுதா. காது குடுத்துக் கேட்டேன். பிரம்மாவுக்கு இத்தனாவது வயசு, இன்ன கல்பம், இன்ன யுகம்னு ஆரம்பிச்சு, வருசம், மாசம், நட்சத்திரம்னு பைய எறங்கி, தாமிரபரணிக் கரையில வந்து நின்னா. எங்க ஜெபம் முடிஞ்சிட்டு, அவளுது முடியல. கடைசியில தமிழ்ல, 'எங்கப்பா எந்திரிச்சு வரணும்'னா. நாங்க ரெண்டு பேரும் ஆமென் சொன்னோம்."

அது சங்கல்பம். எந்தப் பூஜைக்கும் முன்னால் சொல்வது. அண்டம் முழுவதற்கும் ஒரு விலாசம் எழுதுவதுபோல, காலத்தில் எங்கே நிற்கிறோம், பூமியில் எந்த நதிக்கரையில் நிற்கிறோம் என்று சொல்லி, என்ன வேண்டும் என்று கேட்பது. ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மீன்கள் அதிர நான் அதைச் சொல்வேன். நீ படியில் துண்டை வைத்துக்கொண்டு நிற்பாய். யாரும் உனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. எப்போது அது உனக்குள் போய் உட்கார்ந்தது?

"திதி சொன்னாளா, டீச்சர்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"எனக்கு அதெல்லாம் எங்க தெரியும்? அஷ்டம்யாம்னு ஒண்ணு சொன்னா. கூடவே சுபன்னு என்னமோ வந்துச்சு. அது என்னன்னு பெறவு அவகிட்டயே கேட்டேன். 'அஷ்டமியான இந்த நல்ல திதியிலன்னு அர்த்தம், டீச்சர்'னா."

டீச்சர் போன பிறகு அந்தச் சங்கல்பத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அந்த வாக்கியத்தில் எந்தத் திதி வந்தாலும் அதன் பக்கத்தில் சுபதிதி என்றுதான் சொல்ல வேண்டும். அஷ்டமி, நவமி, அமாவாசை, எதற்கும் விலக்குக் கிடையாது. எத்தனை காலமாக அதை வாய் வலிக்கச் சொல்லிக் குளித்திருக்கிறேன்! கரையேறித் தலை துவட்டியதும், நாள் நல்ல நாள்தானா என்று பஞ்சாங்கத்தைப் புரட்டியிருக்கிறேன். நான் சொன்னதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. துண்டு வைத்துக்கொண்டு நின்ற நீ கேட்டிருக்கிறாய்.

உன்னை மகளாகக் கொடுத்ததற்கு உன் அம்மாவுக்கும், கேட்டைப் பிடித்துக்கொண்ட என் அக்காவுக்கும், ஆமென் சொன்ன இரண்டு பேருக்கும் நான் பட்டிருக்கும் கடனைச் சொல்ல மொழி போதாது. எனக்கே போதவில்லை என்றால் பார்த்துக்கொள். உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமையில், எமகண்டத்தில், அந்த வராந்தாவில் நின்று நீ அந்த நாளை நல்ல நாள் என்று சொன்ன நேரத்தில், உள்ளே என் நெஞ்சு திறந்து கிடந்தது. எனக்கு ஒன்றும் கேட்டிருக்க முடியாதுதான். கேட்டது என்றே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

உன் அப்பா